தண்ணி மில்லும் உன் அத்தையின் பெயரும்

மகனே என்று ஆரம்பித்தால் நீ சிரிப்பாய். போனில் நான் 'டேய்' என்கிறேன், நீ 'சொல்லு நைனா' என்கிறாய், அதற்கு மேல் நமக்குள் பேச ஒன்றும் இருப்பதில்லை. மழை உண்டா, ஓசூரில் குளிரா, அம்மா மாத்திரை போட்டாளா, அவ்வளவுதான். அதனால்தான் எழுதுகிறேன். போன மாதம் உன் கல்யாணப் பத்திரிகையின் மாதிரியை வாட்ஸப்பில் அனுப்பினேன். அரை நாள் கழித்து நீ ஒரே ஒரு வரி அனுப்பினாய்: 'நைனா, அத்தை பேரு?' நான் பதில் போடவில்லை. நீயும் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் கத்தியிருப்பேன், கத்தியதோடு தீர்ந்திருக்கும். நீ கேட்காமல் விட்டதால் அந்தக் கேள்வி வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டது. அத்தை கல்யாணத்துக்கு வருவாளா மாட்டாளா என்று உன் அம்மாவிடம் ரகசியமாகக் கேட்டுக்கொண்டிருந்தாய் என்பதும் தெரியும். இந்த வீட்டில் ரகசியமாகப் பேச இடம் கிடையாது. உன் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கடிதம். ஆனால் வாத்தியார் புத்தி, வழிமுறையை எழுதாமல் விடையை எழுத எனக்கு வராது.

மில்லின் கதை உனக்குப் பாதிதான் தெரியும். என் தாத்தா இளம் வயதில் பஞ்சம் பிழைக்க நீலகிரிப் பக்கம் எஸ்டேட் வேலைக்குப் போனவர். அங்கே ஓடைத் தண்ணீர் விழுந்து ஒரு சக்கரத்தைச் சுற்ற, அந்தச் சக்கரம் உள்ளே கல்லைச் சுற்ற, ஆள் கை படாமல் மாவு விழுவதைப் பார்த்திருக்கிறார். ஊர் திரும்பியதும் சங்கராபரணிக் கரையில் அதே போல ஒன்றைக் கட்டினார். ஆற்றில் இருந்த பழைய கற்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு மதகு, மதகிலிருந்து கால்வாய். கால்வாய்த் தண்ணீர் மில்லுக்கு அடியில் நுழைந்து, சக்கரக்குழியில் விழுந்து கருவேலமரச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பின்சுவரில் இருக்கும் வாய் வழியாக வெளியேறி மறுபடி ஆற்றில் சேரும். கணக்கெல்லாம் சரிதான், நானே பின்னாளில் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஒன்றை மட்டும் மறந்துவிட்டார். நீலகிரி ஓடை வருஷம் முழுக்க ஓடும். நம் ஆறு ஐப்பசியில் வந்து தையில் போய்விடும். அவர் கட்டி முடித்தது சித்திரையில். ஆறு மாதம் அந்த வறண்ட கால்வாயில் ஊர்க்காரர்கள் துணி காயப்போட்டார்கள். பிறகு ஆயில் இன்ஜின் வந்தது, அதற்குப் பிறகு கரண்டு மோட்டார் வந்தது, ஆனாலும் பெயர் தண்ணி மில்லுதான். என் நைனா இந்தப் பெயரைக் காப்பாற்றுவதற்காகவே ஆறு வரும் நாட்களில் மோட்டாரை நிறுத்திவிட்டுச் சக்கரத்தில் அரைப்பார். மோட்டாரில் ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை சக்கரத்தில் அரை நாள் இழுக்கும். கேழ்வரகு மூட்டையோடு வந்தவர்கள் திட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். 'சூடு ஏறாத மாவு, பச்ச ஒடம்புக்காரிக்கு நல்லது' என்பார் நைனா. அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. சொல்வதில் அவருக்கு ஒரு சுகம்.

பெருமையைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும். மில்லுக்கு இரண்டு வாசல். கிழக்கு வாசல் ஊருக்கு, மேற்கு வாசல் காலனிக்கு. கல் ஒன்றுதான், விழுகிற மாவும் ஒரே தொட்டியில்தான் விழும், ஆனால் தூக்கிக்கொண்டு வருகிற வாசல் வேறு. எம்.எஸ்ஸி. படித்துவிட்டு வந்து அந்த மில்லில் நின்ற நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. போன வருஷம் நீ மேற்கு வாசலைச் செங்கல் வைத்து அடைத்தபோது ஏன் என்று கேட்டேன். 'காத்து ஜாஸ்தியா வருது நைனா' என்றாய். உன் பொய்களில் எனக்குப் பிடித்த பொய் அது.

இனி என் கதை. உன் அத்தை செண்பகவல்லி என்னைவிட ஆறு வயது மூத்தவள். எட்டாவதோடு நிறுத்திவிட்டார்கள். மதகுப் பலகையை எவ்வளவு தூக்கினால் கல் எவ்வளவு வேகமாகச் சுற்றும் என்பது அவள் கைக்குத் தெரியும். நைனாவே அவளைக் கேட்டுத்தான் தூக்குவார். என்னை ஹாஸ்டலில் சேர்த்துப் படிக்க வைத்தார்கள், பிறகு சென்னைக்கு அனுப்பினார்கள். இயற்பியலில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்த அதே மாதம் நைனா மில்லில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். ஆம்பளப் புள்ள நீ இருக்கும்போது மில்லை யார் பார்ப்பது என்று தந்தி போலக் கடிதம் வந்தது. வந்தேன். இரண்டு வருஷம் மில்லில் நின்றேன், பிறகு இங்கேயே பள்ளிக்கூடத்தில் வேலை வாங்கிக்கொண்டேன். என்னோடு படித்தவர்கள் எங்கெங்கோ இருக்கிறார்கள். நான் ராஜகிரி மலையைப் பார்த்துக்கொண்டு பத்தாம் வகுப்புக்கு நெம்புகோல் தத்துவம் நடத்தினேன். தலைமையாசிரியர் பதவி வரவேண்டிய வருஷத்தில் அதையும் வேறு ஒருவர் வாங்கிப் போனார். அந்த ஆளை நான் இன்னும் மன்னிக்கவில்லை, மன்னிக்கிற உத்தேசமும் இல்லை. எல்லாவற்றுக்கும் காரணம் மில்லு என்று எனக்குள் ஒரு தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன். அக்காவை எட்டாவதுக்கு மேல் படிக்க அனுப்பவில்லையே என்ற நினைப்பு அந்தத் தீர்ப்பில் ஒரு வரிகூடக் கிடையாது. இதை எழுத எனக்கு ஐம்பத்தாறு வயது ஆக வேண்டியிருந்தது.

நைனா இறந்தபோது நீ இரண்டாம் வகுப்பு. மில்லை இடித்து மனை போட ஒருவர் கேட்டார். விற்றுவிட்டு, தாம்பரம் பக்கம் ஒரு வீடு வாங்கிக்கொண்டு, மாற்றல் வாங்கி, இந்த ஊரை விட்டே போய்விட வேண்டும் என்பது என் திட்டம். அதற்கு அக்கா தன் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகள் கேட்டதும் போட்டுவிடுவார்கள். ஒரு பட்டுப்புடவை, ஒரு வேளைச் சாப்பாடு, முடிந்தது விஷயம். நான் அந்தப் பத்திரத்தை எழுதி வாங்கிக்கொண்டு காரியத்தன்றே நீட்டினேன். பந்தியில் இன்னும் இலை எடுக்கவில்லை.

அக்கா படித்துப் பார்த்தாள். "மில்லு உன் பேர்ல இருக்கறதுன்னா இப்பவே போடறன். எனக்கு ஒரு கல்லு கூட வாணாம். விக்கறதுன்னா போடமாட்டன். மில்லு நிக்கட்டும்" என்றாள்.

"நின்னு இன்னா பண்ணப்போவுது? வௌவால் அடையும்" என்றேன்.

"அடையட்டுமே. உனக்கு இன்னாடா வலிக்குது?"

எனக்கு வலித்தது. பத்துப் பேர் எதிரில் கேட்டதுதான் வலித்தது. அன்றைக்குப் பேச்சை நிறுத்தினேன், பத்தொன்பது வருஷம் நிறுத்தினேன். மில்லைப் பூட்டினேன். பூட்டியது போதாதென்று ஒரு காரியம் செய்தேன், அதைத்தான் உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். தண்ணீர் வெளியேறுகிற வாய் வழியாகச் சில பேர் நுழைந்து சக்கரக்குழியில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். கொத்தனாரை வைத்து அந்த வாயைச் செங்கல், சிமெண்டு வைத்து அடைத்தேன். மேலே மதகுப் பலகை பழையது, வெள்ளம் வந்தால் தாங்காது, தண்ணீர் உள்ளே வரும், வந்தால் போக வழி வேண்டும், இல்லையென்றால் குழி நிரம்பி சுண்ணாம்புச் சுவரை உள்ளிருந்து கரைக்கும். இதை ஒன்பதாம் வகுப்புப் பையன் சொல்லிவிடுவான். நான் இயற்பியல் ஆசிரியர். எனக்குத் தோன்றவில்லை. கோபத்தில் இருக்கிறவனுக்குப் படித்தது எதுவும் கைக்கு வராது.

அடுத்த வருஷம் புரட்டாசியில் போய்ப் பார்த்தேன். அடைத்த சுவரின் கீழ்ப்பாதி உடைக்கப்பட்டிருந்தது. கட்டிக்கொடுத்த ஊரான வல்லத்திலிருந்து அக்கா ஆளோடு வந்து உடைத்தாள் என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னார். உள்ளே நுழைந்து மில்லைக் கைப்பற்றப் பார்க்கிறாள் என்று முடிவு கட்டினேன். நேராக வீட்டுக்குப் போனேன், மூன்று பக்கம் புகார் எழுதினேன், போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்தேன். நல்ல தமிழில், ஒரு பிழை இல்லாமல். அவளைக் கூப்பிட்டார்கள். மாமாவோடு வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "இன்னாத்துக்குமா சொவுத்த இடிச்ச?" என்று ஏட்டு கேட்டார். "தண்ணி போறதுக்கு வழி உட்டன் சார். இவன் அடைச்சிட்டான், மில்லு போயிடும்" என்றாள். ஏட்டு சிரித்தார். நானும் சிரித்தேன். எச்சரித்து அனுப்பினார்கள். காரணம் சொன்னாள், பார். ரகசியமாக ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை, என் முகத்துக்கு நேராகச் சொன்னாள். அது சாக்கு என்று நான் முடிவு செய்துவிட்டேன். ஸ்டேஷனிலிருந்து மில்லு நடந்து போகிற தூரம். போய் ஒருமுறை குழியை எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆகவே கல்யாணம் ஆகப்போகிற உனக்கு ஒன்று சொல்கிறேன். உன் மனைவி ஒரு காரணம் சொன்னால், அது சாக்கு என்று தீர்மானிப்பதற்கு முன்னால் எழுந்து போய் ஒருமுறை பார்த்துவிட்டு வா. இன்னொன்று, எழுதத் தெரிந்தவன் கோபத்தில் எழுதக் கூடாது. எழுதத் தெரியாதவனுக்குத் திட்டுவதோடு போய்விடும், நம்மைப் போன்றவர்கள் எழுதியது ஃபைலில் இருக்கும்.

அவள் மகள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை என்பது உனக்குத் தெரியும். தாய்மாமன் உட்கார வேண்டிய இடத்தில் மேல்மலையனூர்ப் பக்கத்து ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் உட்கார்ந்தான். அவள் பத்திரிகை அனுப்பியிருந்தாள், அதில் தாய்மாமன் என்று என் பெயர் முதலில் இருந்தது. புகார் கொடுத்தவன் பெயரை முதலில் போட்டாளே என்று எனக்கு அப்போது தோன்றவில்லை, ஊருக்காகப் போட்டிருக்கிறாள் என்றுதான் தோன்றியது. அன்று காலையில் டி.வி.எஸ்.ஐ எடுத்துக்கொண்டு பனமலைக்குப் போய்விட்டேன். போனை அணைத்துவிட்டு ஏரிக்கரையில் மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். கோயில் பார்க்க வந்த ஒரு குடும்பம் போட்டோ எடுத்துத் தரச் சொன்னது, எடுத்துத் தந்தேன். யாரோ ஒருவருடைய குடும்பத்தை வரிசையாக நிற்க வைத்து, 'இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க' என்று சொன்னேன். திரும்பி வந்தபோது உன் அம்மா எனக்குச் சாப்பாடு போட்டாள். நீயும் அவளும் எனக்குத் தெரியாமல் அந்தக் கல்யாணத்துக்குப் போய்விட்டு எனக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்திருந்தீர்கள் என்பதை உன் சட்டையில் இருந்த சந்தனம் சொன்னது. அன்றைக்கு உன்னைக் கேட்காமல் விட்டேன். நான் செய்த ஒரு நல்ல காரியம் என்று அதைச் சொல்லலாம்.

முந்தின வருஷத்துப் புயல் மழைக்கு வருகிறேன். ஆறு கரை மீறிவிட்டது, ஆற்றங்கரைத் தெருவில் வீட்டுக்குள் தண்ணீர் என்று விடிந்ததும் போன் வந்தது. லீவில் வந்திருந்த நீ அதற்குள் கிளம்பிப் போயிருந்தாய். நான் குடையை எடுத்துக்கொண்டு போனேன். எதற்குப் போனேன் என்று உன்னிடம் பொய் சொல்லப் போவதில்லை. மில்லு விழுந்திருக்கும் என்று நினைத்தேன். விழுந்தால் வெறும் மனை, அக்கா கையெழுத்துப் போட மறுக்கக் காரணம் இல்லாமல் போகும், அவள் பிடிவாதம் மண்ணோடு போகும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன். போய்ப் பார்த்தால் மில்லு நிற்கிறது. மேலே மதகுப் பலகையை உடைத்துக்கொண்டு செம்மண் தண்ணீர் உள்ளே பாய்கிறது, அவள் உடைத்து வைத்த வாய் வழியாக யானை பிளிறுவது போலச் சத்தத்தோடு வெளியே போகிறது. சுவரில் ஒரு கீறல் இல்லை. மாடியில், நாங்கள் மூட்டை அடுக்குகிற இடத்தில், தெரு சனம் நாற்பது பேர். கைக்குழந்தைகள், கோழிகள், ஒரு கிரைண்டர், யாரோ ஒருவருடைய ரேஷன் அரிசி. நீ ஜன்னலில் நின்றுகொண்டு கத்தினாய்.

"நைனா, பூட்ட நான்தான் ஒடச்சன்!"

"யாரக் கேட்டுடா ஒடச்ச?"

"அத்த போன் பண்ணாங்க! தெரு சனத்த மில்லுல ஏத்து, அது அசையாது, வாய நான் சுத்தமா வெச்சிருக்கன்னாங்க!"

அப்புறம்தான் நீ மற்றதைச் சொன்னாய். வருஷாவருஷம் புரட்டாசியில், நான் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரம் பார்த்து, ஆள் வைத்து அந்த வாயில் சேர்ந்த மண்ணையும் முள்ளையும் வாரிப் போட்டிருக்கிறாள். பத்தாவது படிக்கும்போதிலிருந்து நீயும் கூடப் போயிருக்கிறாய். அன்றைக்கு மழையில் நின்றபோது எனக்கு ஏற்பட்டது வெட்கமா, கோபமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த நாற்பது பேரை அண்ணாந்து பார்த்தபோது, நல்லவேளை நான் நினைத்தது நடக்கவில்லை என்று தோன்றியது மட்டும் நிஜம். அப்போதே வல்லத்துக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. தப்பு என்று தெரிவது ஒரு வேலை, அதை ஒருவர் எதிரில் போய்ச் சொல்வது வேறு வேலை. இரண்டுக்கும் நடுவில் நான் ஒரு வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டேன்.

அந்த வருஷத்தில்தான் மில்லைப் படிப்பகம் ஆக்கலாம் என்று நீ கேட்டாய். முதலில் உன் அத்தை கையெழுத்துப் போடட்டும், பிறகு பார்க்கலாம் என்றேன், போடமாட்டாள் என்ற தைரியத்தில். 'அவங்க போட்டுட்டாங்க நைனா' என்று காகிதத்தை எடுத்து வைத்தாய். நானும் போட்டேன். ஒரே காகிதத்தில் இரண்டு பேர் பெயரும் அடுத்தடுத்து இருந்தது, ஆனால் அவளை நான் பார்க்கவில்லை. இன்றைக்கு அரைவைக் கல் கிடந்த இடத்தில் மேசை, மாடியில் அலமாரி, முப்பது பிள்ளைகள் காலையிலிருந்து உட்கார்ந்து அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கிறார்கள். சக்கரக்குழியின் அடியைத் துளைத்து ஆற்றுத் தண்ணீர் நிலத்தில் இறங்கும்படி நீ செய்ததில் தெருக் கிணறுகளில் கோடையிலும் தண்ணீர் இருக்கிறதாம். ஊரில் எல்லோரும் 'உங்க பையன் படிப்பகம்' என்கிறார்கள். என் தாத்தா கட்டியது என்று யாரும் சொல்வதில்லை. பரவாயில்லை, இதையும் என் மனக்குறைப் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறேன்.

பத்து நாளுக்கு முன் பத்திரிகைக் கட்டு அச்சகத்திலிருந்து வந்தது. அத்தை பெயர் இல்லாமலேதான் அடித்திருந்தேன். படிப்பகத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று வைக்கலாம் என்று அங்கே போனேன். பின்பக்கம், தண்ணீர் வெளியேறுகிற வாயருகே ஒரு பெண் மண்வெட்டியோடு நின்று சருகை வாரிக்கொண்டிருந்தாள். குரூப் ஃபோர் தேர்வுக்குப் படிக்கிற பெண், காலனியைச் சேர்ந்தவள். வாராவாரம் முறை வைத்துச் செய்கிறார்களாம்.

"வல்லத்து அம்மா ஆர்டர் சார்" என்றாள். "படிக்காட்டி கூடப் பரவால்ல, இந்த வாய அடைய உடக்கூடாதுன்னாங்க. முன்ன ஒருத்தரு இத சிமெண்டு வெச்சி அடைச்சிட்டாராம். மில்லே போயிருக்குமாம்."

"யாரு அடைச்சதாம்?" என்றேன்.

"அதான் நாங்களும் கேட்டம். சொல்லல சார். யாரோ பாவம், தெரியாம செஞ்சிட்டாருன்னாங்க."

நான் பத்திரிகையைக் கொடுக்காமலே வந்துவிட்டேன். பத்தொன்பது வருஷமாக அவளைப் பற்றி நான் எத்தனை பேரிடம் பேசியிருக்கிறேன், பெயர் சொல்லி, ஊர் சொல்லி, ஸ்டாஃப் ரூமில், டீக்கடையில், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவனிடம்கூட. அவள் என் பெயரைச் சொல்லவேண்டிய இடத்தில் 'யாரோ பாவம்' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். மறுநாள் காலையில் வெற்றிலை, பாக்கு, பழம், ஒரு பத்திரிகை எடுத்துக்கொண்டு வல்லத்துக்குப் போனேன்.

அக்கா வாசலில் தார்ப்பாய் விரித்து, மல்லாட்டை ஓட்டை உடைத்து வேர்க்கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தாள், குனிந்துகொண்டாள். உள்ளே திரும்பி, "ஏங்க, போலீசு வந்துருக்குது, சொக்கா மாட்டினு வாங்க" என்றாள். மாமா அவசர அவசரமாகச் சட்டையைப் பொத்தான் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். நான் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றேன்.

"செருப்ப நெழல்ல உடு. திரும்பப் போவும்போது சுடும்" என்றாள் அக்கா.

தட்டில் வைத்து நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடி கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு படித்தாள். மேலே சாமி பெயரிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு எழுத்தாக. பரீட்சைத் தாளைத் திருத்துகிறவர் எதிரில் நிற்கும் பையனுடைய நிலைமை எப்படி இருக்கும் என்று முப்பது வருஷ ஆசிரியனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைசி வரிக்கு வந்தாள்.

"அச்சாபீசுக்காரன் பேரு கூட இருக்குது" என்றாள்.

"நான்தான் போடலக்கா."

"தெரியுது. வேற எவனுக்கு அந்தத் தெகிரியம் வரும்? ஸ்டேசன்ல எழுதிக் குடுக்கும்போது என் பேரு, புருசன் பேரு, ஊரு, தெரு, கதவு நம்பரு எல்லாம் தப்பில்லாம எழுதனியே. பத்திரிகையில எழுத வரலையா?"

"தப்புதான்க்கா."

"எது தப்பு?"

"எல்லாம்."

"எல்லாம்னு மொத்தமா சொல்லி நழுவாத. வாத்தியார்தான நீ? ஒண்ணொண்ணா சொல்லு."

சொன்னேன். வாயை அடைத்தது. புகார் கொடுத்தது. அவள் மகள் கல்யாணத்துக்கு வராதது. "காரியத்தன்னிக்கு, எல எடுக்கறதுக்கு முன்ன பத்திரத்த நீட்டனது?" என்றாள். அதுவும்தான் என்றேன். அவள் கேட்காத ஒன்றையும் கூடுதலாகச் சொன்னேன், வெள்ளத்தன்று மில்லு விழ வேண்டும் என்று நினைத்ததை. அதைக் கேட்டதும் கையில் இருந்த பத்திரிகையைத் தட்டில் வைத்தாள். "அத நீ சொல்லாம இருந்துருக்கலாம்" என்றாள். பிறகு, "சொன்னதும் நல்லதுதான்" என்றாள்.

"மறுபடி அச்சடிச்சிடறன்க்கா."

"வாணாம். மிசினு அடிச்சா உனக்கு இன்னா வலிக்கப்போவுது? கையால எழுது. எல்லாத்துலயும் எழுது."

"அறநூறு பத்திரிகக்கா!"

"மூணு பக்கம் எழுதனவன்தான?" என்றாள். மாமா மறுபடி சிரித்தார். அந்த மனிதர் பத்தொன்பது வருஷத்துச் சிரிப்பை அன்றைக்கே சிரித்துத் தீர்த்தார்.

"கல்யாணத்துக்கு வருவியாக்கா?"

"மொதல்ல எழுதினு வா. அப்புறம் பேசலாம்." சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. தட்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள், அவ்வளவுதான். கத்தரிக்காய்க் குழம்பு. நான் இரண்டாவது முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஐந்து நாள் உட்கார்ந்து எழுதினேன். 'அத்தை: செண்பகவல்லி' என்று, உன் அம்மா பெயருக்குக் கீழே, நீல மையில். அவளுக்கு ஏன் இவ்வளவு நீளமாகப் பெயர் வைத்தார்கள் என்று முதல் நூறு பத்திரிகை வரைக்கும் என் நைனாவைத் திட்டினேன். அவமானப்படுத்துகிறாள் என்றும் நினைத்தேன். இருநூறு தாண்டியபோது விரல் மரத்துப்போனது, நினைப்பு மட்டும் எங்கெங்கோ போனது. ஹாஸ்டலுக்கு என்னை அனுப்பிய அன்று என் தகரப் பெட்டியில் வெள்ளைப் பெயின்டால் என் பெயரை எழுதியவள் அவள்தான், பள்ளிக்கூடத்தை விட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தும் எழுத்து குண்டு குண்டாக அழகாக இருந்தது. நானூறுக்கு மேல் நான் எதையும் நினைக்கவில்லை. மேசைமேல் கைவைத்தபடியே தூங்கிப்போனேன் என்று உன் அம்மா சொல்கிறாள், பட்டப்பகலில், குறட்டையோடு. மாத்திரை போடாமல் நான் தூங்கி எத்தனை வருஷம் ஆகிறது என்று அவளுக்குத்தான் தெரியும்.

நேற்று கட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். நடுவிலிருந்து இருபதை உருவிப் பார்த்தாள். மூன்றைத் தனியாக எடுத்துப் போட்டாள். "இதுல கோவமா எழுதியிருக்கற, கொம்பு முள்ளு மாதிரி நீட்டினு நிக்குது. இத உடு" என்றாள். சரியாக முதல் நூறில் இருந்தவை. எப்படிக் கண்டுபிடித்தாளோ.

"யார் யாருக்குப் பத்திரிக வெச்ச?"

"இன்னும் யாருக்கும் வெக்கலக்கா."

"நல்லதாப் போச்சு. நீ தனியா போயி வெச்சா எவன் வருவான்? எவன் வூட்டு விசேசத்துக்கு நீ போன? மண்டகப்பட்டுப் பங்காளி வூட்டுக் காதுகுத்துக்குப் போனியா? சண்டைக்காரன் புள்ளைக்குக் கல்யாணம்னு பந்தி காலியாத்தான் கெடக்கும்." எழுந்து உள்ளே போனாள். பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. மாமா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "பந்தக்கால் என்னிக்கு?" என்று உள்ளேயிருந்தே கேட்டாள். சொன்னேன். "அதுவரைக்கும் இவரு ஓட்டல்ல சாப்புடட்டும்" என்றாள்.

கையில் பையோடு வெளியே வந்தாள். டி.வி.எஸ்.ஸில் பின்னால் உட்கார வைத்து அழைத்து வந்தேன். வழியெல்லாம் பள்ளத்தில் பார்த்து விடு, லாரி வருகிறது, ஹாரன் அடி என்று அதட்டிக்கொண்டே வந்தாள். சொன்னபடி ஹாரன் அடித்தேன். நாளைக்குக் காலையில் இரண்டு பேரும் மண்டகப்பட்டில் ஆரம்பிக்கிறோம். யாரிடம் என்ன பேச வேண்டும், எங்கே நான் வாயைத் திறக்கக் கூடாது என்று பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

இந்தக் கடிதத்தோடு உனக்கும் ஒரு பத்திரிகை வைத்திருக்கிறேன். சனிக்கிழமை நீ வரும்போது போர்வை ஒன்று எடுத்துக்கொண்டு வா. உன் அறையை அத்தை எடுத்துக்கொண்டுவிட்டாள். கல்யாணம் முடிகிறவரைக்கும் நீ கூடத்தில் என் பக்கத்தில்தான் படுக்க வேண்டும்.

உன் நைனா